பரஞ்சோதியின் வலக்கை

தளபதி வேழமாறன் செத்து, அவருக்குப் பாட்டுக் கட்டி, அந்தப் பாட்டு ரேடியோவில் போய்ப் போய்த் தேய்ந்து, சந்தியில் கட்டியிருந்த அவருடைய படம் மழையில் ஊறி நெளிந்தும் போன பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவர் கூழாவடிக் குளக்கட்டு வழியாக நடந்து ஊருக்குள் வந்தார். புதைக்கும்போது பெட்டிக்குள் வைத்த அதே சீருடை, அதே சப்பாத்து, இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நடக்கிற அதே நடை. குளத்தில் மாடு கழுவிக்கொண்டிருந்த கந்தவனம் நிமிர்ந்து பார்த்து, "எங்க தம்பி இந்தப் பக்கம்?" என்று கேட்டதாகவும், அவர் "சும்மா" என்று சொன்னதாகவும், அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லாதபடியால் தான் மாட்டின் மற்றப் பக்கத்தைக் கழுவத் தொடங்கியதாகவும் கந்தவனம் பிறகு எங்களுக்குச் சொன்னார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யாரும் எதற்கும் ஆச்சரியப்படுவதை விட்டிருந்தோம். ஆச்சரியப்படவும் உடம்பில் கொஞ்சம் சத்து வேண்டும்.

வேழமாறன் எங்கள் ஊர்க்காரர் இல்லை. கடற்கரைப் பக்கம் எங்கேயோ பிறந்து, மீசை முளைக்க முன்னம் இயக்கத்துக்குப் போய், பல இடங்களில் சண்டை பிடித்து, பல தாய்மாரின் வாயால் வாழ்த்தும் பல தாய்மாரின் வாயால் திட்டும் வாங்கி, கடைசியில் எங்கள் பகுதிக்குத் தளபதியாக வந்தவர். எங்களுக்கும் அவருக்கும் இருந்த ஒரே தொடர்பு, அவருடைய மோட்டார் சைக்கிள் ஒரு நாள் எங்கள் சந்தியில் காற்றுப் போய் நின்றதுதான். சந்தியில் பாலை மரத்தின் கீழே பரஞ்சோதி சைக்கிள் கடை வைத்திருந்தார். தளபதி கடை வாங்குப் பலகையில் இருந்து தேத்தண்ணி குடிக்க, பரஞ்சோதி நிலத்தில் குந்தியிருந்து சில்லுக்குள்ளிருந்து ரியூபை வெளியே இழுத்து ஓட்டையைத் தேடி அரத்தால் உரசிக்கொண்டிருக்க, மேலே வண்டு வந்தது. ஆளில்லாமல் வானத்தில் சுற்றிக்கொண்டு திரியும் அந்த விமானத்தை நாங்கள் வண்டு என்றுதான் சொல்லுவோம், ஏனென்றால் அது காதுக்குள் புகுந்த வண்டைப் போலவே நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். அது முதலில் பார்க்கும். பார்த்து, தான் தேடுகிற ஆள்தான் என்று நிச்சயப்படுத்திக்கொண்டால் போடும். அன்றைக்கு நிச்சயப்படுத்திக்கொண்டது. பாலை மரத்தில் பாதி மிஞ்சியது, கடையில் ஒன்றும் மிஞ்சவில்லை, ஆட்கள் இரண்டு பேரிலும் மிஞ்சியதை ஒரு விரிப்பில் அள்ளும்படிதான் இருந்தது.

அந்த அள்ளலில்தான் பிழை நடந்தது. போட்ட இடத்துக்குச் சனம் ஓடி வந்ததும் இன்னொரு தரம் போடுவது வண்டின் பழக்கம் என்பதால், இயக்கப் பொடியங்கள் அவசரம் அவசரமாக எல்லாவற்றையும் ஒரே விரிப்பில் அள்ளி, ஒரே பெட்டியில் போட்டு, அதை மூடி, அதன் மேலே கொடியைப் போர்த்துவிட்டார்கள். எது யாருடையது என்று பார்க்க யாருக்கும் நேரமும் இல்லை, மனமும் இல்லை. பரஞ்சோதியின் பெண்சாதி புனிதம் வந்து நின்று, "என்ர மனுசன் எங்க?" என்று கேட்டாள். எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த தூயவன் என்ற பொடியன் தலையைக் குனிந்துகொண்டு, "அவரும் இதுக்குள்ளதான் அக்கா. தளபதியோட சேர்த்து விதைக்கிறம். ஒருத்தருக்கும் கிடைக்காத மரியாதை" என்றான். இயக்கத்தில் தங்கள் ஆட்களை எரிப்பதில்லை, புதைப்பார்கள், அதைத்தான் விதைக்கிறது என்று சொல்லுவார்கள்.

"எனக்கு மரியாதை வேண்டாம் தம்பி. அவரை எரிக்கவேணும்" என்றாள் புனிதம்.

பெட்டி போய்விட்டது. ஊர் முழுக்கத் தளபதியின் பெட்டிக்குப் பின்னால் போனது, பூப் போட்டது, பேச்சுக் கேட்டது, வெயிலில் நின்று களைத்து வீட்டுக்கு வந்தது. பரஞ்சோதிக்கென்று ஒரு செத்தவீடு நடக்கவில்லை. பந்தல் போடவில்லை, பறை அடிக்கவில்லை, பெண்டுகள் கட்டிப்பிடித்து அழவில்லை. உடம்பு கிடைக்காத ஆட்களுக்குத் தர்ப்பையில் உருவம் கட்டி எரிக்கலாம், அதற்கு முறை இருக்கிறது என்று ஐயர் வந்து சொன்னபோது, "உடம்பு கிடைக்காமல் இல்லை ஐயா, பெட்டிக்குள்ள இருக்கு. எங்க இருக்கெண்டு தெரிஞ்ச மனுசனுக்கு ஏன் புல்லை எரிக்கவேணும்?" என்று அவள் கேட்டாள். அவள் தாலியைக் கழற்றவும் இல்லை, பொட்டை அழிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கலியாண வீடுகளுக்கு அவளைக் கூப்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் நாங்கள் அவளைக் கண்டால் பக்கத்துக் குறுக்கு ஒழுங்கையால் திரும்பிப் போகப் பழகிக்கொண்டோம். புருசனை அவருடைய பேரில் எரிக்கவேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு அவள் வெற்று வீட்டில் உலையை வைப்பதும் இறக்குவதுமாக இருந்தாள்.

செத்த தளபதி வந்த அந்த முதல் வெள்ளிக்கிழமை, கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு, "இருங்கோ தம்பி" என்று சொல்லி, தேத்தண்ணி ஊற்றப் போய், சீனி முடிந்துபோனதால் பக்கத்து வீட்டுக்குப் போனார். அந்தச் சீனிதான் மனேச்சரைக் காப்பாற்றியது. வண்டு வந்து, இடது தோளைத் தாழ்த்தி நடந்து வந்த ஆளைப் பார்த்து, நிச்சயப்படுத்திக்கொண்டு போட்டது. சங்கக்கடையின் கூரை போனது, கட்டியிருந்த ஆடு போனது, தளபதியும் போனார். பொழுதுபட அரசாங்க ரேடியோ, பயங்கரவாதிகளின் முக்கிய தலைவர் வேழமாறன் கொல்லப்பட்டார் என்று சொன்னது. முதல் தரமும் அதே குரல்தான் அதே செய்தியைச் சொல்லியிருந்தது, அந்தக் குரலிலும் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் திரும்பவும் வந்தார். அதற்கடுத்த வெள்ளியும். கந்தவனம் மாட்டுக்கு அடுக்கியிருந்த வைக்கல் பட்டறை போனது, வாசிகசாலைச் சுவர் போனது, ரேடியோ அவரைத் திரும்பவும் கொன்றது, இயக்கத்தின் ரேடியோ அவருடைய பாட்டைத் திரும்பவும் போட்டது. நாங்கள் என்ன செய்வது? அவர் யாரையும் ஒன்றும் செய்யவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. நல்ல தாய் வளர்த்த பிள்ளை, யாராவது "இருங்கோ" என்று சொல்லாமல் எங்கேயும் இருக்க மாட்டார், ஆள் ஒருவர் கையால் கொடுக்காமல் தேத்தண்ணி குடிக்க மாட்டார், இருக்கச் சொல்லாவிட்டால் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்துகொண்டே இருப்பார். அவர் நடக்கிற ஒழுங்கைகளில் எங்கள் பிள்ளைகள் இருந்தன. அதனால் ஊர் அலுவல் பார்க்கிற விதானையார் சபாநாதன் கூட்டம் வைத்து, குளத்துக்கு அங்கால் தரிசாகக் கிடந்த வயலில் ஒரு கொட்டில் போடுவதென்றும், வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக்கொருவராக முறை வைத்து அவரைக் குளக்கட்டிலேயே மறித்து அங்கே கூட்டிக்கொண்டு போய் இருத்துவதென்றும், தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு வாய்க்காலுக்குள் ஓடிப் படுப்பதென்றும் முடிவு சொன்னார்.

தூயவன் அந்தக் கூட்டத்துக்கு வந்து முகத்தைச் சுளித்தான். "தளபதி வீரச்சாவு அடைஞ்சிட்டார் எண்டு அறிவிச்சாச்சு. அவர் வாறார் எண்டு ஒருத்தரும் வெளியில கதைக்கக்கூடாது."

"நாங்கள் கதைக்கேல்லை தம்பி" என்றார் விதானையார். "வாற ஆளுக்குக் கதிரை குடுக்கிறம், அவ்வளவுதான். நீங்கள் வேணுமெண்டால் அவரை வரவேண்டாம் எண்டு சொல்லிப் பாருங்கோவன்."

தூயவன் எழும்பினான். போகும்போது கொட்டிலை வேய இரண்டு கட்டுக் கிடுகு இயக்கம் தரும் என்று மெல்லச் சொன்னான். எல்லாம் அப்படி ஒரு ஒழுங்குக்கு வந்தது. வியாழக்கிழமை கொட்டில் கட்டுவோம், வெள்ளிக்கிழமை அது போகும். கதிரைகள் முடிந்துபோய்ப் பிறகு மரக்குற்றியைப் போட்டோம். பிள்ளைகள் தளபதி விளையாட்டு விளையாடினார்கள், ஒருவன் தோளைத் தாழ்த்திக்கொண்டு வர மற்றவர்கள் "இருங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு ஓடுவார்கள். இத்தனைக்கும் எங்களுக்கு உள்ளுக்குள் சின்னப் பெருமையும் இருந்தது, சொல்லாமல் விட முடியாது. எத்தனையோ ஊர்கள் இருக்க, பிறந்த ஊரையும் விட்டு, பெரிய மனிதர் எங்கள் கூழாவடிக்கல்லவா வருகிறார் என்று.

புனிதத்தின் வீட்டை முறையில் சேர்க்காமல் விட்டிருந்தோம். அவளே வந்து கேட்டாள். "நானும் இந்த ஊரிலதானே இருக்கிறன். என்ர முறையையும் தாங்கோ." கொடுத்தோம்.

அன்றைக்கு அவள் குளக்கட்டில் போய் நின்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்து, மரக்குற்றியைக் காட்டி, "இருங்கோ தம்பி" என்றாள். அவர் இருந்தார். தேத்தண்ணியை நீட்டினாள். அவர் வலக்கையை நீட்டி வாங்கினார். அந்தக் கையை அவள் பார்த்தாள். பெருவிரல் நகம் கறுத்துப் பிளந்திருந்தது. சுட்டுவிரலின் ஓரத்தில் சைக்கிள் கம்பி கிழித்த தழும்பு இருந்தது, அது கிழித்த அன்று மஞ்சள் அரைத்துக் கட்டிவிட்டது அவள்தான். உள்ளங்கையில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத, ரியூப் ஒட்டுகிற சொலூசன் கறை. அந்தக் கை தேத்தண்ணிக் கோப்பையை அதன் காதுப் பிடியில் பிடிக்கவில்லை, பரஞ்சோதி எப்போதும் பிடிப்பதுபோல மேல் விளிம்பில் இரண்டு விரலால் கவ்விப் பிடித்தது.

"தம்பி, இந்தக் கை உங்கட கையில்லை" என்றாள் புனிதம்.

தளபதி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஓம் அக்கா. எனக்கும் யோசினையாத்தான் இருந்தது. கிடக்கிற இடத்தில சும்மா கிடவாது. எந்த நேரமும் எதையோ உரசிக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை எண்டால் எழும்பி நடவெண்டு இழுக்கும். நான் இதுக்குப் பின்னால வாறன். எனக்கு இந்த ஊரில ஒரு அலுவலும் இல்லை."

"அது என்ர மனுசன்ர கை. வீட்டை வரப்பாக்குது."

"ஓ" என்றார் அவர். "அப்ப அதுதான்." பிறகு வானத்தைப் பார்த்து, "வந்திட்டுது அக்கா, ஓடுங்கோ" என்றார். அவள் வாய்க்காலுக்குள் விழவும் வண்டு போடவும் சரியாக இருந்தது.

அவள் நேராக விதானையாரிடம் வந்து இதைச் சொன்னாள். பின்னேரத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது. எங்களுக்கு முதலில் வந்தது கொஞ்சம் ஏமாற்றம்தான். இவ்வளவு நாளும் ஊருக்கு வந்துகொண்டிருந்தது பெரிய மனிதர் இல்லை, சந்தியில் காற்றடித்த பரஞ்சோதியின் கை, அது வீட்டுக்கு வரும் வழியில் அவரையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. அடுத்த வெள்ளி அந்தக் கையை வாங்கி முறையாக எரிக்கப்போவதாகப் புனிதம் சொன்னாள். கைக்குக் கிரியை செய்யலாமா என்று ஐயரைக் கேட்டோம். "புல்லுக்கே செய்யலாம் எண்டால் கைக்கு ஏன் செய்யேலாது?" என்றார் ஐயர். தூயவன் மட்டும், தளபதியின் உடம்போடு மரியாதையாக விதைத்ததை மேலிடத்தைக் கேட்காமல் பிரிக்க முடியாது, ஒற்றைக் கையோடு ஒரு தளபதி இருக்க முடியாது என்று பிடிவாதமாக நின்றான். மேலிடத்தைக் கேட்டான். மேலிடத்துக்கு அப்போது வேறு தளபதிமாருக்குப் பெட்டி செய்கிற வேலை இருந்தது, பதில் வரவில்லை.

அடுத்த வெள்ளி புனிதம் தேத்தண்ணியோடு ஒரு பழைய ரியூபும் ஒட்டுகிற சாமானும் தண்ணிச் சட்டியும் கொண்டு வந்தாள். கையை வாங்க முன்னம் ஒரு தரம் அது வேலை செய்வதைப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை, வேறொன்றுமில்லை. ரியூபை அவருடைய மடியில் வைத்தாள். தளபதி பார்த்துக்கொண்டிருக்க, வலக்கை தானாகவே ரியூபைத் தடவி, தண்ணிச் சட்டிக்குள் அமுக்கி, குமிழி வந்த இடத்தைப் பெருவிரலால் பொத்தி, அரத்தால் உரசி, சொலூசன் பூசி, ஊதி, ஒட்டி, தட்டியது. இடக்கை உதவிக்கு வந்து பிடிக்கத் தெரியாமல் பிடித்தது. அவர் குனிந்து, தோளைத் தாழ்த்த மறந்து, கைக்குப் பின்னால் இழுபட்டு இருந்தார். மேலே வண்டு வந்தது. சுற்றியது. பார்த்தது. கீழே வயலில் ஒரு சைக்கிள் கடைக்காரன் ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தான், அவனுடைய பெண்சாதி பக்கத்தில் இருந்தாள். அது தேடுகிற ஆள் அங்கே இல்லை. கன நேரம் சுற்றிவிட்டு அது போய்விட்டது.

வாய்க்காலுக்குள் படுத்திருந்த நாங்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினோம். தளபதி பொழுதுபடும் வரைக்கும் இருந்துவிட்டு, எழும்பி, வந்த வழியே போனார். அன்றைக்கு ரேடியோ அவரைக் கொல்லவில்லை.

அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் நாங்கள் நிம்மதியாக இருந்தோம். வெள்ளிக்கிழமைகளில் ஊரிலுள்ள காற்றுப்போன சைக்கிள்கள் எல்லாம் தரிசு வயலுக்குப் போயின. பக்கத்து ஊர்களிலிருந்தும் கொண்டு வந்தார்கள். கை ஒட்டியது, சில்லின் கோணல் எடுத்தது, செயின் போட்டது, தளபதி வேலை தெரியாத ஆள்போல அதன் பின்னால் இருந்தார், வண்டு வந்து பார்த்துவிட்டுப் போனது. கொட்டிலுக்கு ஓடு போடலாமா என்றுகூட விதானையார் கதைத்தார். கந்தவனம் பத்து வருடமாகப் பரணில் கிடந்த சைக்கிளை இறக்கித் துடைத்தார். புனிதம் கையை வாங்குகிற கதையை எடுத்தால் எல்லோரும் சேர்ந்து நியாயம் சொன்னோம்.

"கொஞ்சம் பொறும் பிள்ளை" என்றார் விதானையார். "கையை எடுத்தால் அந்தாள் திரும்பவும் தளபதியாத்தான் இருப்பார். திரும்பவும் போடுவாங்கள். சனத்தையும் பாக்கவேணுமெல்லோ."

"எவ்வளவு காலம் பொறுக்கிறது?"

"சண்டை முடியட்டுமன்."

இதைக் கேட்டுப் புனிதம் சிரித்தாள். விதானையாருக்கே தான் சொன்னது வெட்கமாகிவிட்டது, வெற்றிலைத் தட்டைத் தேடுவதுபோல எழும்பிப் போனார்.

கை களைத்துக்கொண்டு வந்ததை முதலில் கண்டவளும் புனிதம்தான். ஒட்டிய இடத்திலேயே திரும்பவும் காற்றுப் போனது. சைக்கிளைத் திருப்பிக் கொண்டு வந்த சனம் முணுமுணுத்தார்கள், பரஞ்சோதி இருந்திருந்தால் இப்படி ஒட்டியிருக்க மாட்டார் என்று பரஞ்சோதியின் கையைப் பற்றியே சொன்னார்கள். அரம் விரல்களிலிருந்து நழுவி விழுந்தது. ஒரு வெள்ளி, ஒரு ரியூபை உரசிக்கொண்டிருந்த கை நடுவிலேயே நின்று, மடியில் மல்லாந்து கிடந்தது. வரிசையில் நின்றவர்கள் "இன்னும் மூண்டு சைக்கிள் கிடக்கு" என்றார்கள்.

புனிதம் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தது, கலியாணமான புதிதில் மாரிகாலத்துக் காலைகளில் இருந்ததைப்போல. "உயிரோட இருக்கேக்கயும் இந்த மனுசன் ஒரு நாள் ஆறி இருக்கேல்லை" என்றாள். அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன, அழுகையை விழுங்கினாள், கோபத்தை விழுங்கவில்லை. "ஆமிக்காரன் குண்டு போட்டுக் கொன்றான், இயக்கம் பெட்டிக்குள்ள போட்டு மூடினது, இப்ப ஊர் வேலை வாங்குது. சைக்கிளெல்லாத்தையும் கொண்டு போங்கோ. போங்கோ எண்டு சொல்லுறன்!"

நாங்கள் சைக்கிள்களை உருட்டிக்கொண்டு போனோம். பிறகு என்ன கதைத்தார்கள் என்று அவளே பின்னாளில் சொல்லித்தான் தெரியும்.

"தம்பி, இதை எனக்குத் தந்திடுங்கோ" என்று அவள் கேட்டாளாம்.

"எடுங்கோ அக்கா. உங்கட சாமான்தானே" என்றாராம் அவர். "எனக்கும் சரியாக் களைக்குது. எத்தினை தரம்தான் சாகிறது. ரெண்டு பக்கத்து ரேடியோவும் என்ர பேரைச் சொல்லிக்கொண்டிருக்கு, உங்கட மனுசன்ர கையும் இழுக்குது. நான் சும்மா கிடக்கத்தான் ஆசைப்படுறன்." பிறகு, "எப்ப எரிக்கிறியள்?" என்று கேட்டிருக்கிறார்.

"வாற வெள்ளி."

"நான் அதுவரைக்கும் வைச்சிருந்து கொண்டு வாறன். வழி தெரிஞ்ச கை, விட்டிட்டு வந்தால் நான் வந்து சேரமாட்டன். எங்க வரவேணும்?"

"சுடலைக்கு" என்றாள் புனிதம்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை, கொள்ளி வைப்பது ஆண் பிள்ளை. புனிதத்துக்குப் பிள்ளைகள் இல்லை. பரஞ்சோதியின் தம்பி ஒருவன் கடல் கடந்து போய் எந்த நாட்டிலோ இருந்தான். தானே வைக்கப்போவதாக அவள் சொன்னபோது, செத்த ஆள் ஊருக்குள் நடந்து திரிகிற காலத்தில் பெண் சுடலைக்கு வந்தால் என்ன குறைந்துவிடும் என்று ஐயரே சொல்லிவிட்டார். விறகுதான் வாக்குவாதமாகியது. ஒரு கைக்கு ஒரு கட்டு விறகு போதும் என்றார் கந்தவனம். முழு மனுசனுக்கு அடுக்குகிறதுபோல அடுக்குங்கோ என்றாள் அவள். அடுக்கினோம். தூயவனும் வந்து, சீருடையைக் கழற்றி மரத்தில் கொழுவிவிட்டு, சாரத்தோடு நின்று விறகு தூக்கினான். மேலிடத்தைக் கேட்டாயா என்று யாரும் அவனைக் கேட்கவில்லை.

தளபதி வந்தார். கை அவரை இழுத்துக்கொண்டு வந்தது, வழியில் எங்கேயும் நிற்கவில்லை. விறகு அடுக்கிய சீமெந்துக் கட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று வலக்கையை நீட்டினார். புனிதம் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல இழுத்தாள். சட்டையின் கையை உருவுவதுபோல அது வந்தது, இரத்தமில்லை, நோவில்லை. அதைக் குளத்துத் தண்ணியால் கழுவினாள். சொலூசன் கறை போகவில்லை, இருக்கட்டும் என்றாள். மஞ்சள் பூசி, பரஞ்சோதியின் கலியாண வேட்டியில் சுற்றி, முழு நீளத்துக்கு அடுக்கிய விறகின் மேலே, கை இருக்கவேண்டிய இடத்தில் வைத்தாள். ஐயர் மந்திரத்தில் பெயர் சொல்ல வந்த இடத்தில் "பரஞ்சோதி" என்று சத்தமாகச் சொன்னார். அந்தப் பெயரைப் பறை அடிக்கிறவர்கள் முதற்கொண்டு எல்லோரும் கேட்டோம்.

அப்போது இரைச்சல் கேட்டது. தளபதியின் தோள் ஏற்கனவே தாழ்ந்துவிட்டது. கையில்லாத அவர் திரும்பவும் அவராகவே நின்றார், மேலே இருந்து பார்க்கிற எதற்கும் அவர்தானா என்ற ஐமிச்சம் வராதபடி.

"எல்லாரும் ஓடுங்கோ" என்றார் அவர். பிறகு புனிதத்தைப் பார்த்து, "நீங்கள் கொள்ளியை வைச்சிட்டுப் போங்கோ அக்கா. நான் இதில இருக்கிறன்."

"நீங்களும் ஓடலாம்தானே தம்பி?"

"எங்க ஓடுறது? அது எனக்குப் பின்னால வரும், சனத்துக்குள்ள வரும்." விறகுக்குப் பக்கத்தில் ஒரு கல் கிடந்தது. இந்த முறை யாரும் இருங்கோ என்று சொல்லாமல் அவராகவே அதில் இருந்தார். "அண்டைக்கு அவர் எனக்குப் பக்கத்தில குந்தியிருந்து என்ர ரியூபை ஒட்டினவர். நான் அவற்ற முகத்தைக்கூட நிமிர்ந்து பாக்கேல்லை அக்கா. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு வேறென்னவோ யோசிச்சுக்கொண்டிருந்தனான். இண்டைக்கு அவருக்குப் பக்கத்தில நான் இருக்கிறன். ஆறுதலா எரியட்டும்."

நாங்கள் ஓடி வாய்க்காலுக்குள் விழுந்தோம். அங்கிருந்து பார்த்தோம். புனிதம் ஓடவில்லை. தண்ணிக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு விறகைச் சுற்றி வந்தாள். வழக்கமாகப் பின்னால் நின்று குடத்தைக் கொத்துகிற அம்பட்டன் எங்களோடு வாய்க்காலுக்குள் கிடந்தான், அதனால் தளபதி எழும்பி, அவன் போட்டுவிட்டு ஓடிய கத்தியை இடக்கையில் எடுத்து, அவள் சுற்றிவர ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை கொத்தினார். அவருக்கு முறை தெரிந்திருந்தது. தண்ணி அவளுடைய முதுகில் வடிந்தது. குடத்தைப் பின்புறமாகப் போட்டு உடைத்தாள். பின்புறமாகவே கொள்ளியையும் வைத்தாள். வைத்தவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்க்காமல் நடந்து வரவேண்டும். அவள் நடக்கத் தொடங்கினாள்.

நடு வெளியில் வரும்போது வண்டு போட்டது. நிலம் எழும்பி எங்களைத் தூக்கிப் போட்டது. மண்ணும் சாம்பலும் நெருப்புப் பொறியும் மழையாகக் கொட்டின. நாங்கள் முகத்தை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு, "விழுங்கோ அக்கா, விழுங்கோ!" என்று கத்தினோம். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு புகைக்குள்ளால் அவள் வந்தாள். விழவில்லை, குனியவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. தலைமயிரில் சாம்பல் இருந்தது, அது விறகின் சாம்பலா வேறெதன் சாம்பலா என்று பிரிக்க இந்த முறையும் முடியாது, ஆனால் அவள் எரிக்கவேண்டியதை எரித்துவிட்டாள். அந்த எரிப்புக்குப் பிறகு எந்த வெள்ளிக்கிழமையும் குளக்கட்டில் யாரும் வரவில்லை.

வாய்க்கால் கரையில் வந்து நின்று எங்களைப் பார்த்தாள். விதானையார், ஐயர், கந்தவனம், தூயவன், எல்லோரும் சேற்றுக்குள் குப்புறக் கிடந்தோம். அவள் நெற்றியில் கையை வைத்துப் பொட்டை அழித்தாள்.

"எழும்புங்கோ" என்றாள். "எல்லாரும் வீட்டை வாங்கோ. என்ர மனுசன் செத்துப்போனார்."

சொல்லி முடிய அவளுடைய வாய் கோணியது. இத்தனை காலமும் எங்கே கிடந்ததோ, அந்த அழுகை அடிவயிற்றிலிருந்து கிளம்பி, "ஐயோ என்ர ராசா" என்று வெளி முழுக்கப் போனது. நாங்கள் எழும்பி, உடுப்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, பரஞ்சோதியின் செத்தவீட்டுக்குப் போனோம்.